மூன்று பட்டைச் சிப்பாய்: தமிழ்த் திரையுலகுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்பட, தொலைக்காட்சி, இணையத் தொடர் இயக்குநர்களுக்கும், உடையலங்காரப் பொறுப்பாளர்களுக்கும், சீருடைகளை வாடகைக்குத் தரும் கடைக்காரர்களுக்கும்,

எல்லைக் காவல் காட்சி. பதுங்குகுழிக்குள் ஓர் இளைஞன். வசனப்படி அவன் சிப்பாய். பட்டாளத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. அவன் சட்டைக் கையில் பதவியைக் காட்டும் V வடிவப் பட்டை மூன்று; அது ஹவில்தாருக்கு உரியது, சிப்பாய்க்குப் பட்டையே கிடையாது. அவனை அதட்டி வேலை வாங்குகிறவர் கையில் இரண்டு பட்டை. அடுத்த காட்சியில் அதே இளைஞனின் பட்டை வலக்கையிலிருந்து இடக்கைக்குத் தாவியிருக்கிறது. இன்ன படம், இன்ன தொடர் என்று நாங்கள் பெயர் சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

இதைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து இரண்டு பதில்கள் வருகின்றன. "பார்க்கிறவங்களுக்கு யாருக்குங்க தெரியப்போகுது" என்பது ஒன்று. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் போய்க் கேளுங்கள், தெரியும். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள டீக்கடைக்காரருக்குக்கூட இரண்டு பட்டைக்கும் மூன்று பட்டைக்கும் வித்தியாசம் தெரியும். கல்லூரியில் என்.சி.சி. போன பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் உங்கள் படப்பிடிப்புத் தளத்தில் மட்டும்தான் கூடியிருக்கிறார்கள் போலும்.

இரண்டாவது பதில் சட்டம். "அசல் மாதிரியே போட்டால் கேஸ் ஆகிவிடும், அதனால்தான் வேண்டுமென்றே தப்பாகத் தைக்கிறோம்." உங்கள் துறையில் தலைமுறை தலைமுறையாக ஓடும் பேச்சு இது. சட்டம் சொல்வது வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 140) படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையையோ சின்னத்தையோ அணிவதைக் குற்றமாக்குகிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனிக்க வேண்டிய சொல் "நோக்கம்". கேமரா முன் நடிக்கிறவர் யாரையும் ஏமாற்ற நிற்கவில்லை. பட்டையைத் தலைகீழாகத் தைப்பதால் சட்டப் பாதுகாப்பு கூடுவதும் இல்லை. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் தப்பான பட்டையோடு நின்றாலும் அது குற்றமே. 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்கு எழுதிய கடிதம் நினைவிருக்கும். படைகளைக் காட்டும் படங்களுக்கும் தொடர்களுக்கும் வெளியீட்டுக்கு முன்பே அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று பெறும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தச் சொன்னது அது. படைகளைப் பிழையாகச் சித்திரிப்பதுதான் அங்கே புகாராகியது.

கைப்பட்டை என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம். இதுகூடவா என்று நினைக்க வேண்டாம். திரையில் நாங்கள் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன.

இந்தியத் தரைப்படையில் சிப்பாய்க்குப் பட்டை கிடையாது. வெறும் கை. லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. V வடிவம், முனை கீழ்நோக்கி. பட்டாளத்தில் இதை ஃபீத்தி என்பார்கள். தரைப்படையில் வழக்கமாக வலது மேற்கையில் இது இருக்கும். இடது மேற்கை டிவிஷன், கோர் போன்ற அமைப்புகளின் சின்னத்துக்கு உரியது. கவச வாகனப் படையில் பட்டை அதே, பெயர் மட்டும் மாறும்: ஒன்று என்றால் ஆக்டிங் லான்ஸ் தஃபேதார், இரண்டு லான்ஸ் தஃபேதார், மூன்று தஃபேதார். அங்கே சிப்பாயின் பெயர் சவார். பீரங்கிப் படையில் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர், சிக்னல்ஸில் சிக்னல்மேன், வான்குடைப் படையில் பாராட்ரூப்பர். டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவரை "ஹவில்தார்" என்று கூப்பிடும் வசனம் எழுதியவருக்கும், அதைத் தைத்தவருக்கும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கக்கூடியது இது.

பட்டை என்பது வயதும்தான். பதினேழரை வயதிலிருந்து ஆள் சேர்க்கிறார்கள். அங்கிருந்து மூன்று பட்டைக்குப் போகப் படிப்புத் தேர்வு, பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சி, மருத்துவத் தகுதி, சுத்தமான நடத்தைப் பதிவு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த யூனிட்டில் காலியிடம் வேண்டும். காலியிடம் வராமலேயே காலம் ஓடிவிடும் ஆட்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் எம்.ஏ.சி.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது: 8, 16, 24 ஆண்டுகள் முடியும்போது அடுத்த நிலைக்கான சம்பளம் தருகிறார்கள். சம்பளம் மட்டும், பட்டை வராது. 16 ஆண்டு முடித்து ஹவில்தார் சம்பளம் வாங்கிக்கொண்டு, கையில் இரண்டு பட்டையோடு நிற்கும் நாயக்கை உங்கள் கதாசிரியர் ஒருவராவது கண்டுகொண்டிருந்தால் நல்ல கதை ஒன்று கிடைத்திருக்கும். இருபது வயது ஹவில்தாரைக் காட்ட உங்களுக்கு இருக்கும் ஒரே நியாயமான வழி, கல்விப் படைப்பிரிவு, நில அளவை வரைபடப் பணி போன்றவற்றில் பட்டதாரிகளை நேரடியாக ஹவில்தாராகச் சேர்ப்பது. அவருக்கும் இருபதைத் தாண்டியிருக்கும்; துப்பாக்கிச் செக்‌ஷனை முன்னின்று நடத்தும் ஆளும் அவரல்ல.

காட்சியின் அதிகார ஒழுங்கும் இதில் இருக்கிறது. பத்துப் பேர் அளவிலான செக்‌ஷனை நடத்துகிறவர் நாயக் அல்லது ஹவில்தார். அவர் விழுந்தால் அடுத்த பட்டைக்காரர் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்வார். யாரும் நியமிக்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தாலே தெரியும். பட்டை அதற்காகவே கண்ணில் படும்படி மேற்கையில் இருக்கிறது. நீங்கள் பட்டைகளைக் கலைத்துப் போட்டால், "இனி யார் சொல்வதைக் கேட்பது" என்ற அந்தக் கணத்தின் பதற்றமே செத்துவிடுகிறது. இன்னொன்று: பட்டைக்காரருக்கு சல்யூட் கிடையாது. சிப்பாய் ஹவில்தாருக்கு விறைப்பாக நிற்பார், "உஸ்தாத்" என்பார், சல்யூட் அடிக்கமாட்டார். தொப்பியோ தலைப்பாகையோ இல்லாத தலையோடு தரைப்படையில் யாரும் சல்யூட் அடிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

மூன்று பட்டைக்கு மேலே போனால் கை காலியாகிவிடும், அடையாளம் தோளுக்கு ஏறும். அங்கே காத்திருக்கிறது உங்களுடைய அடுத்த குழி. நாயிப் சுபேதாருக்கு ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்கு அசோகச் சிங்கம். லெப்டினெண்டுக்கும் இரண்டு நட்சத்திரம், மேஜருக்கும் அசோகச் சிங்கம். பிரித்துக் காட்டுவது நட்சத்திரத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் ஒரு சிறிய நாடா. சிவப்பு, மஞ்சள், சிவப்பு. அது இருந்தால் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபிசர், அதாவது பட்டைக்காரருக்கும் அதிகாரிக்கும் நடுவில் இருப்பவர்), இல்லாவிட்டால் அதிகாரி. அரை விரல் அகலம்கூட இல்லாத அந்த நாடாவை விட்டுவிட்டால் ஐம்பதை நெருங்கும் சுபேதார் திரையில் வயதான லெப்டினெண்டாகிவிடுகிறார். இருபத்தைந்து வயதுக் கேப்டன் அவரைப் பெயர் சொல்லி விரட்டுகிறார். உண்மையில் அந்தக் கேப்டன் அவரை "சுபேதார் சாப்" என்றுதான் அழைப்பார். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமியிலிருந்து வெளியே வரும் புது லெப்டினெண்டுக்கு முதலில் தொழில் கற்றுத்தருவதும் இந்த சாப்தான்.

இப்போது முன்கைக்கு வருவோம். மேற்கையில் இருப்பது பதவி. முன்கையில், அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், இருப்பது பெரும்பாலும் வேறு கணக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு இது மிகவும் தேவை. பிரிட்டிஷ் ராணுவம் 1802-இல் சார்ஜெண்டுக்கு மூன்று, கார்ப்பரலுக்கு இரண்டு என்று V பட்டைகளைக் கொண்டுவந்தது. இந்த வடிவத்துக்கு அவர்கள் சூட்டிய பெயரின் மூலப்பொருள் கூரையின் கைமரம். இரண்டு கைமரங்கள் முகட்டில் சேரும் கோணம். அதே வடிவத்தை முனை மேல்நோக்கி, இடது முன்கையில் தைத்தால் அது நன்னடத்தைப் பட்டை. இத்தனை ஆண்டு தண்டனையில்லாமல் பணியாற்றினார் என்பது மட்டுமே அதன் பொருள். பதவி எதுவும் இல்லாத சாதாரண வெள்ளைச் சிப்பாய் முன்கையில் மூன்று பட்டையோடு நிற்கலாம். ஒற்றை உத்தரவு போடக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. முதல் உலகப்போரில் இன்னும் இரண்டு சேர்ந்தன. 1916 முதல், காயம்பட்டவர்களுக்கு இடது முன்கையில் செங்குத்தாகச் சுமார் இரண்டு அங்குல நீளத்தில் பொன்னிறப் பின்னல் ஒன்று, காயத்துக்கு ஒன்று வீதம். போர்க்காலத்தில் கடல்கடந்து பணியாற்றியதற்கு வலது முன்கையில் சிறிய தலைகீழ்ப் பட்டைகள்: 1914 முடிவதற்குள் போர்க்களம் போனவருக்கு முதல் பட்டை சிவப்பு, மற்றவை நீலம். ஆக, 1919-இல் ஊர் திரும்பும் பிரிட்டிஷ் சார்ஜெண்டின் சட்டைக் கையில் அவருடைய பதவி, போரில் கழித்த ஆண்டுகள், பட்ட காயங்கள் அத்தனையும் எழுதியிருக்கும். வசனமே தேவையில்லை.

அமெரிக்கர்களுக்கு எல்லாம் நேரெதிர். அவர்களுடைய சார்ஜெண்ட் பட்டை முனை மேல்நோக்கி, மேல் நிலைகளில் கீழே வளைவுகள் சேரும். முன்கையில் சாய்ந்த கோடுகள் பணியாண்டுக் கணக்கு: தரைப்படையில் மூன்றாண்டுக்கு ஒன்று, கடற்படையில் நான்காண்டுக்கு ஒன்று. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பட்டைகள் பல இந்த அமெரிக்க வகைதான். அதை வாங்கி கார்கில் முனையில் நிற்கும் ஜவானுக்குத் தைத்துவிடுகிறீர்கள். திருப்பித் தைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். கோணமும் நாடாவின் அகலமும் காட்டிக்கொடுத்துவிடும்.

1946 பிப்ரவரியில் பம்பாயில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்த கதையை யாராவது எடுப்பீர்கள் என்று நம்புகிறோம். அப்போது நினைவில் வையுங்கள்: ராயல் இந்தியக் கடற்படை பின்பற்றிய பிரிட்டிஷ் மரபில் மாலுமியின் இடக்கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் லீடிங் சீமன், குறுக்கே இரண்டு நங்கூரம் இருந்தால் பெட்டி ஆபிசர். அதற்குக் கீழே வரும் V பட்டைகள் நன்னடத்தை ஆண்டுகள். தரைப்படைக் கணக்கை அங்கே கொண்டுபோய் "மூணு பட்டை, சார்ஜெண்ட்" என்றால் எல்லாம் குளறுபடி.

கடற்படை அதிகாரிகளுக்கு வருகிறோம். வாடகைக் கடைக்காரர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படிக்க வேண்டும். கறுப்பு அல்லது கருநீல மேற்சட்டை, கைமுனையைச் சுற்றி நான்கு தங்கப் பட்டை. உங்கள் கடையில் இது ஒன்றுதான் தொங்குகிறது. விமானி வேடத்துக்கும் அதே, சரக்குக் கப்பல் கேப்டனுக்கும் அதே, கடற்படை அதிகாரிக்கும் அதே. மூன்றும் வேறு வேறு. கடற்படையில் மேலே இருக்கும் பட்டையில் ஒரு சுருள் வளையம் இருக்கும். பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த மரபு. விமானியின் பட்டையில் வளையம் இல்லை. விமான நிறுவனங்கள் பட்டை வழக்கத்தை 1930-களில் கப்பல்காரர்களைப் பார்த்து எடுத்துக்கொண்டன: கேப்டனுக்கு நான்கு, ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு மூன்று என்பது பரவலான வழக்கு. வணிகக் கப்பல்களில் பட்டைகளுக்கு நடுவே நிறத்துணி வரும். ஊதா இருந்தால் இன்ஜினியர். பிரிட்டிஷ் கடற்படை 1863-இல் தொடங்கிய நிறப் பாகுபாட்டின் எச்சம் அது. அதாவது டைட்டானிக் கப்பல் மூழ்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இன்ஜினியர்களுக்கு ஊதா வந்தாகிவிட்டது. அந்தக் கப்பல் இன்ஜினியர்களின் நினைவாகவே ஊதா வந்தது என்ற கதையை வசனத்தில் சேர்க்காதீர்கள்.

இந்தியக் கடற்படையில் எண்ணிக்கை இப்படி: சப் லெப்டினெண்ட் ஒன்று, லெப்டினெண்ட் இரண்டு, லெப்டினெண்ட் கமாண்டர் இரண்டுக்கு நடுவே மெல்லியது ஒன்று, கமாண்டர் மூன்று, கேப்டன் நான்கு. கொமொடோருக்கு அகலமான ஒற்றைப் பட்டை. அதற்கு மேல் ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் என்று அகலப் பட்டைக்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று சேரும். லெப்டினெண்ட் கமாண்டரின் அந்த மெல்லிய பட்டைக்குச் சிறிய வரலாறு உண்டு. பிரிட்டிஷ் கடற்படையில் எட்டாண்டு மூப்புள்ள லெப்டினெண்டுகளுக்கு 1877-இல் அதைக் கொடுத்தார்கள். தனிப் பதவிப் பெயர் 1914-இல்தான் வந்தது. அளவுகளும் அந்த மரபிலிருந்தே: சாதாரணப் பட்டை சுமார் 14 மில்லிமீட்டர், மெல்லியது 6, அகலமானது 44 அல்லது 45, இடைவெளி 6. உங்கள் தையற்காரர் சேலை பார்டருக்கு வைக்கும் ஜரிகையை ஒரே அகலத்தில் சுற்றிவிடுகிறார். மெல்லியதும் தடித்ததும் ஒன்றானால் லெப்டினெண்ட் கமாண்டர் அங்கேயே கமாண்டராகிவிடுவார். பதவி உயர்வு தரும் அதிகாரம் தையற்காரருக்கு இல்லை.

வெள்ளைச் சீருடையில் இந்தப் பட்டைகள் தோள்பலகைக்குப் போகும்; கைமுனையில் இருக்காது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வைப்பது பேண்டு வாத்தியக் குழு வேலை. அட்மிரல்களின் தோள்பலகை 2023 டிசம்பரில் மாறியது. சிவாஜியின் ராஜமுத்திரையைத் தழுவிய எண்கோணம், வாள், தொலைநோக்கியோடு. எனவே 2022-இல் நடக்கும் கதைக்கும் 2024-இல் நடக்கும் கதைக்கும் ஒரே தோள்பலகை ஆகாது. பெயர்க் குழப்பமும் உண்டு. தரைப்படைக் கேப்டன் மூன்று நட்சத்திர இளைஞர். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம், நரை தட்டியிருக்கும்.

விமானப்படை எளிது. பிளையிங் ஆபிசர் ஒன்று, பிளைட் லெப்டினெண்ட் இரண்டு, ஸ்குவாட்ரன் லீடர் இரண்டுக்கு நடுவே மெல்லியது, விங் கமாண்டர் மூன்று, குரூப் கேப்டன் நான்கு. வளையம் இல்லை, தங்கமும் இல்லை, நீல நிறம். 2019 பிப்ரவரியில் அபிநந்தன் வர்தமான் பெயரோடு சேர்த்து "விங் கமாண்டர்" என்ற சொல் தமிழ்நாட்டில் ஒலிக்காத வீடு இல்லை. அதற்குப் பிறகும் விங் கமாண்டருக்கு நான்கு பட்டை போட்டவர்களை என்னவென்று சொல்ல.

தையல். பிழை பாதி அறியாமையால், மீதி ஊசியால். பருத்தி நாடாவைத் துவைக்காமலே டெரிகாட்டன் சட்டையில் தைக்கிறீர்கள். முதல் சலவையில் நாடா சுருங்கிச் சட்டைக் கை முறுக்கிக்கொள்கிறது. நாடாவை முதலில் வெந்நீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். சட்டைக் கையைத் தோள் தையலிலிருந்து மடித்து இஸ்திரி போட்டால் ஒரு மடிப்புக் கோடு கிடைக்கும். V முனை சரியாக அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். கையைத் தட்டையாக மேசையில் விரித்துப் போட்டுத் தைத்தால் நடிகர் கையைத் தொங்கவிடும்போது பட்டை பின்பக்கம் ஓடிவிடும். எனவே முதலில் பெருந்தையல் ஓட்டி, நடிகருக்குப் போட்டுப் பார்த்து, பிறகு மெஷினில் கொடுங்கள். தோள் தையலுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்க வேண்டிய பட்டை உங்கள் படங்களில் முழங்கைக்கே இறங்குவதற்குக் காரணம், எல்லாருக்கும் பொருந்தட்டும் என்று 44 அளவுச் சட்டையாகவே வாங்கி வைப்பது. கையைச் சுருட்டிவிட்டால் கீழ்ப்பட்டை மடிப்புக்குள் மறையும், ஹவில்தார் நாயக்காவார். கோந்து போட்டு ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மழைச் சண்டைக் காட்சியில் பட்டை உரிந்து தொங்கியதைத் திரையிலேயே பார்த்தாகிவிட்டது.

மூன்று பட்டைச் சட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து நாயக்குக்குக் கொடுப்பது இன்னொரு சிக்கனம். பிரித்த இடத்தில் வெளுக்காத V தடமும் ஊசித் துளைகளும் நிற்கும். 4கே கேமரா அதை விடாது. அந்தத் தடத்துக்குப் பட்டாளத்தில் பொருளே வேறு. ராணுவச் சட்டம், 1950, பட்டைக்காரரைப் பதவியிறக்கும் தண்டனையைப் படை நீதிமன்றத்துக்கு அளித்திருக்கிறது. கையில் வெளுக்காத V தடத்தோடு நிற்கிறவர், பட்டை பறிக்கப்பட்டவர். உங்கள் கதாநாயகனின் உயிர்நண்பனை விவரம் தெரிந்தவர்கள் முதல் காட்சியிலேயே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

படத்தொகுப்பிலும் ஒரு பழக்கம் இருக்கிறது: பார்வைத் திசை ஒட்டுவதற்காகக் காட்சியை இடவலமாகப் புரட்டிப் போடுவது. பட்டை கை மாறுவது அப்படித்தான். பெயர்ப்பட்டை வலது மார்பில், பதக்க ரிப்பன்கள் இடது மார்பில் இருக்க வேண்டும் என்ற ஒரே சோதனை போதும், புரட்டியது தெரிந்துவிடும்.

ஆண்டுக் கணக்கு. அசோகச் சிங்கம் 1950 ஜனவரி 26-க்குப் பிறகே வருகிறது. அதற்கு முன் மேஜரின் தோளில் இருந்தது கிரீடம். மலேயாத் தமிழர்கள் திரண்டு சேர்ந்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு அசோகச் சிங்கத்தை மாட்டுவது காலத்தையே குழப்புவது. நாயிப் சுபேதார் என்ற பெயர் 1965-இல் வந்தது. 1962 சீனப் போர்க் கதையில் அவர் ஜமேதார். 1971 போரில் ஒற்றை நட்சத்திரத்தோடு செகண்ட் லெப்டினெண்ட் இருக்கலாம், அருண் கேத்தர்பால் அப்படித்தான் பரம் வீர் சக்ரா பெற்றார்; இன்றைய கதையில் அந்தப் பதவி நடைமுறையில் இல்லை. புதிய போர்ச்சீருடை வண்ணம் 2022 ஜனவரி 15 அணிவகுப்பில்தான் முதலில் தெரிந்தது. 2022-இல் தொடங்கிய அக்னிவீர்களுக்குத் தனி அடையாளச் சின்னம். அவர்கள் கையில் பட்டை தைக்காதீர்கள். என்.சி.சி. பட்டைகளைப் படைவீரருக்குப் போடும் வழக்கமும் நிற்க வேண்டும். "சார்ஜெண்ட்" என்.சி.சி.யில் இருப்பார், விமானப்படையில் இருப்பார். தரைப்படையில் அவர் ஹவில்தார்.

2020 ஜூன் 15 இரவு கல்வானில் உயிர்நீத்து, பின்னர் வீர் சக்ரா பெற்ற ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் கே. பழனி, பீரங்கிப் படை ஹவில்தார். மூன்று பட்டை. அவரைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதிய பாத்திரம் என்று விளம்பரப்படுத்திவிட்டு, அந்தப் பாத்திரத்தின் கையில் ஒன்றோ இரண்டோ தைத்து அனுப்பினால், அந்த மனிதர்கள் சம்பாதித்ததைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

எங்கள் கோரிக்கைகள்:

உடைப் பட்டியலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே நான்கு விவரங்களைக் கட்டாயமாக்குங்கள்: கதை நடக்கும் ஆண்டு, எந்தப் படை, எந்தப் பிரிவு, என்ன பதவி. "மிலிட்டரி டிரெஸ், 12" என்று எழுதிய சீட்டை வாடகைக் கடைகள் ஏற்கக் கூடாது.

ஆலோசகராக ஓய்வுபெற்ற கர்னலை அழைக்கிறீர்கள், அழையுங்கள். கூடவே ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரையோ ஹவில்தார் ஒருவரையோ தினக்கூலி கொடுத்து, உடை அணியும் அறையில் உட்காரவையுங்கள். பட்டையும் மடிப்பும் காலையில் சரிபார்த்துப் பழகியவர்கள் அவர்கள். கேமரா ஓடும் முன் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள்.

வாடகைக் கடைக்காரர்கள் பட்டைகளையும் தோள்பலகைகளையும் சட்டையிலிருந்து பிரித்து, படைவாரியாகவும் காலவாரியாகவும் தனித்தனி உறையில் பெயரெழுதி வைக்க வேண்டும். விமானி மேற்சட்டையைக் கடற்படைக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொரு பதவிக்கும் தனிச் சட்டை; பிரித்துத் தைப்பது வேண்டாம்.

சரியான உடை என்றால் சரியான காவலும் வேண்டும். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானதளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். துணை நடிகர்கள் சீருடையோடு டீக்கடைக்குப் போகவோ, வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ விடாதீர்கள். எண்ணிக் கொடுத்து, அன்று மாலையே எண்ணி வாங்குங்கள். கிழிந்ததைப் பழைய துணிக் கடைக்கு விற்காமல் வெட்டி அழியுங்கள்.

உடையலங்காரக் கலைஞர்களின் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதற்கென ஒருநாள் பயிற்சி நடத்த வேண்டும். கற்றுத்தர எங்களில் எவரையும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம். அளவெடுத்த மாதிரிப் பட்டைகளோடு வருகிறோம்.

இணையத் தளங்களில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் படங்களின் விளம்பரச் சுவரொட்டிகளிலும் முகப்புப் படங்களிலும் உள்ள பட்டைப் பிழைகளை முதலில் திருத்துங்கள். அது கணினியில் அரைமணி நேர வேலை. வரும் சுதந்திர தின வெளியீடுகளுக்குள் அதையாவது முடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்களும் சீருடைத் தையற்காரர்களும்